வெசாக் பந்தலும் பரிசுப் போட்டியும்

வைகாசிப் பௌர்ணமிக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பேலியகொடையிலும் தொட்டலங்கவிலும் தெமட்டகொடையிலும் கமுகமரங்களை நாட்டிக் கயிற்றால் வரிந்து எழுப்பப்படும் பிரமாண்டமான சட்டகங்கள், பௌர்ணமியன்று மாலை பல்லாயிரம் மின்குமிழ்களோடு ஒளிரும் வெசாக் பந்தல்களாகி, களனி ரஜமகா விகாரையை நோக்கிச் செல்லும் ஜனத்திரளை வழிமறித்து நிறுத்துகின்றன. இவை பக்தியால் எழுபவை என்பது உண்மையே. ஆயினும் பந்தலுக்கும் வெசாக் கூடு என்னும் காகித விளக்குக்கும் கொழும்பு நகரத்தில் நடத்தப்படும் பரிசுப் போட்டிகள் அந்தப் பக்திக்கு ஒரு காலவரையறையையும் ஓர் அளவுகோலையும் சேர்த்துக் கொடுத்திருக்கின்றன. காலவரையறை கலைக்கு நன்மை செய்தது என்பதும், அளவுகோல் பிழைபட்டது என்பதும் என் அபிப்பிராயம்.

இது பிறர் வீட்டு விசேஷம், நாம் அபிப்பிராயம் சொல்லலாமா என்று தமிழர் சிலர் தயங்குவதுண்டு. கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் தினத்தன்று பௌத்த ஊர்வலமொன்றை முன்னிட்டு இங்கே மூண்ட கலகமும், அதன்பின் பௌத்தர்களுக்காகக் கேர்ணல் ஒல்கொட் லண்டன் சென்று முறையிட்டதும், 1885ஆம் ஆண்டு வெசாக் அரசாங்க விடுமுறையாகியதும், அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் திகதி மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமயவில் பௌத்தக் கொடியை ஏற்றியதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். இன்று தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும் அந்தத் தெருக்களில், கூடு கட்டும் இளைஞர்களுக்கு ஏணி பிடிப்பவனும் பசை காய்ச்சுபவனும் எந்தச் சமயத்தவன் என்று எவரும் விசாரிப்பதில்லை.

இப்படி எவரையும் உள்ளே விடுவதே போட்டியின் முதற் சிறப்பு. கலைக்கூடத்தின் படியை ஒருநாளும் மிதித்திராத நாட்டாமைத் தொழிலாளியும் தச்சனும் மின்வேலை பழகும் பையனும், விளம்பரப் பலகை எழுதிப் பிழைக்கும் ஓவியனோடு சேர்ந்து, குறித்த ஒரு தினத்துக்குள் ஒரு சிருஷ்டியை முடித்து நகரத்தின் முன்னே நிறுத்துகிறார்கள். அதைப் பார்க்க எவரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பந்தலின் பின்புறம் சென்று பார்த்தவர்களுக்கே அதன் முழு ஆச்சரியமும் விளங்கும். பழைய முறையில் அமைந்த பந்தலில் மரத்தாற் செய்த ஓர் உருளையின்மேல் செப்புத் தகடுகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டிப் பதித்திருப்பார்கள். மோட்டார் அந்த உருளையைச் சுழற்ற, வரிசையாக அதன்மேல் உராயும் கம்பிகள் செம்பிலே பட்டபோது ஒரு வரிசைக் குமிழ்கள் எரியும், மரத்திலே பட்டபோது அணையும். எந்தத் தகட்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டினால் ஒளி தாமரையாக விரியும், எங்கே இடைவெளி விட்டால் அதுவே சக்கரமாகச் சுழலும் என்பதைக் காகிதத்திற் கட்டம் போட்டுக் கணக்கிட்டு, பொறி பறக்கும் அந்த உருளையின் அருகே இரவு முழுதும் விழித்திருக்கும் ஒருவனுடைய புத்தி நுட்பத்தை நான் எந்தச் சங்கீத வித்துவானுடைய லய ஞானத்துக்கும் குறைவாக மதிக்கத் துணியேன்.

அளவுகோலுக்கு வருவோம். பந்தலின் ஜீவன் அது சொல்லும் கதை. நடுவே புத்தர் வடிவமும், சுற்றிலும் ஜாதகக் கதையொன்றின் காட்சிகளைத் தீட்டிய படங்களும் அமைய, ஒலிபெருக்கியில் ஒருவர் கதையை விரித்துரைக்க, சொல்லப்படும் காட்சி மாத்திரம் ஒளிபெற்று நிற்பது சம்பிரதாயம். வெஸ்ஸந்தரன் கதையையே எடுத்துக்கொள்வோம்: தந்தை தங்களைத் தானமாகக் கொடுத்துவிடப் போகிறான் என்று அறிந்த இரு பாலகர்கள் தாமரைக் குளத்தில் இலைகளுக்கடியில் ஒளிந்து நிற்கும் அந்தப் படத்தில், அவர்கள் முகத்தில் உள்ள திகிலை ஓவியன் காட்டினானா, வெறும் இரண்டு பொம்மைகளைத் தீட்டினானா என்பதைக் கண்டுகொள்ள நின்று நோக்கும் பொழுது வேண்டும். போட்டியோ உயரத்தையும் குமிழ்களின் தொகையையும் ஒளிக்கோலங்களின் வேகத்தையும் முதலில் காண்கிறது. ஏனெனில் அவை தூரத்திலிருந்தே கண்ணைப் பறிப்பவை, அடுத்த பந்தலோடு ஒப்பிட்டுப் புள்ளியிட எளியவை. ஒளி மிகுந்த அளவுக்குப் படம் மங்குகிறது. இப்போது உருளையின் இடத்தைக் கணினியும் சிறு எல்இடி விளக்குகளும் பிடித்து வருவதால் வேகத்துக்கு எல்லையே இல்லாமற் போயிற்று.

வெசாக் கூட்டின் கதி சற்று வேறு. மூங்கிற் சிம்புகளைக் கட்டி எண்பட்டைச் சட்டமாக்கி, மாப்பசை தடவி, மெல்லிய வண்ணத்தாளைச் சுருக்கமின்றி ஒட்டி, வாலும் குஞ்சமும் தொங்கவிடும் அட்டபட்டக் கூட்டைத் தமிழ் மாணவர்களும் பள்ளிக்கூடத்திற் செய்து பழகுகிறார்கள். மே மாதத்துக் கொழும்பின் மாலைமழையில் அந்தத் தாள் தொய்ந்து கிழியும் அபாயம் எப்போதும் உண்டு. ஆகவே பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் நுழைந்தன. கடையில் மடித்து விற்கும் கூடுகளும் வந்தன. பாரம்பரியப் பொருள்களுக்கென்று தனிப் பிரிவு வைக்கும் போட்டிகள் இந்தத் தேய்வை ஓரளவு தடுத்திருக்கின்றன என்பதை மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசு ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றவும் வல்லது.

களனி விகாரையின் உள்ளே சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவர்ச் சித்திரங்கள் எந்தப் போட்டிக்கும் உரியவை அல்ல. ஹெலேனா விஜேவர்தன அம்மையாரின் ஆதரவில், 1930களிலும் 1940களிலும், அவசரமின்றி வரையப்பட்டவை அவை. கூந்தலுக்குள் புத்தரின் தந்ததாதுவை மறைத்து வரும் இளவரசி ஹேமமாலையின் சித்திரத்தின் முன்னே நின்றவர்களுக்கு, பொறுமையான ஆதரவு ஒரு கலைஞனுக்கு எதைக் கொடுக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அதற்காகப் பரிசை ஒழித்துப் புரவலரைத் தேடுவோம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அத்தகைய புரவலர் தொட்டலங்கத் தோட்டத்துப் பையனைத் தேடி வருவது அபூர்வம். போட்டி அவனைத் தேடாமலே உள்ளே விடுகிறது. வேண்டியது அளவுகோலைத் திருத்துவது. நடுவர்கள் ஒளியேற்றிய இரவில் ஒருமுறை வந்து போவதோடு நில்லாமல், பகல் வெளிச்சத்திலும் வந்து படங்களை அருகிருந்து பார்க்க வேண்டும். பரிசுக்குரிய காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். செலவுக்கு உச்சவரம்பிட்ட ஒரு பிரிவும் இருக்க வேண்டும்.

அதென்ஸ் நகரத்தில் கி.மு. 335/334ஆம் ஆண்டுப் பாடற்குழுப் போட்டியில் வென்றதற்காக லைசிகிராட்டிஸ் என்பவர் எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது. அதிலே செலவு செய்தவர் பெயரோடு, குழல் வாசித்தவர் பெயரும் குழுவைப் பயிற்றியவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்முடைய பந்தல்களிலே அனுசரணை செய்யும் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் மின்னுகிறது. ஓவியன் பெயரையும் மின்வேலை செய்தவன் பெயரையும் தேடித்தான் காண வேண்டும். பந்தல் பிரிக்கப்பட்டு, கமுகமரம் விறகாகப் போனபின் அவர்கள் செய்ததற்குச் சாட்சியே இல்லை. பரிசுத் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், பந்தலின் வரைபடத்தையும் படங்களின் நிழற்படங்களையும் உருளையின் கட்டக் கணக்கையும் பெயர்களோடு ஒரு நூலகத்தில் வைத்துவிடலாம்.

இன்னுமொன்று. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன் தோரணம் கட்டுமாறு மாத்திரம் சொல்லவில்லை; பகைவரிடத்தும் கலகம் செய்யாது விலகுமாறும் நகரத்தாரை வேண்டுகிறான். 1883இன் கலகத்தைக் கண்ட கொட்டாஞ்சேனையில் நிறுவப்படும் பந்தலின் கதை பெரும்பாலும் சிங்களத்தில் மாத்திரம் ஒலிக்க, கூட்டத்திற் சிங்களம் விளங்காதவர்கள் விளக்குகளை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். முரசறைவோன் வேண்டிய இணக்கத்தை வளர்க்க, இருமொழியில் கதை சொல்லும் பந்தலுக்குத் தனிப் புள்ளி கொடுக்கலாம். வெஸ்ஸந்தரன் கதையைக் கேட்போர் மனம் உருகத் தமிழிற் சொல்லக்கூடிய, கூத்தும் நாடகமும் பயின்றவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.