நாடாவும் வன்தட்டும்: வீட்டு ஒளிப்பதிவுக் கருவிகளின் படத்தரம் பற்றிய ஒரு மதிப்பீடு

வீட்டு நிகழ்வுகளைப் பதிவு செய்ய உதவும் கையடக்க ஒளிப்பதிவுக் கருவி காம்கோடர் எனப்படுகிறது. 1995 இல் அறிமுகமான மினி டிவி நாடாவே அடுத்த பத்தாண்டுகளுக்கு இக்கருவிகளின் முதன்மைப் பதிவு ஊடகமாக இருந்தது. 2000களின் நடுப்பகுதியில் வன்தட்டுக் கருவிகள் சந்தைக்கு வந்தபோது, நாடா பழையது, வன்தட்டு புதியது, எனவே தரமானது என்ற எண்ணம் பரவியது. இது பாதி உண்மை மட்டுமே.

படத்தரத்தைத் தீர்மானிப்பது எது?

இரண்டு ஊடகங்களும் எண்ணிமத் தரவையே சேமிக்கின்றன. ஊடகம் தானாகப் படத்தை அழகாக்குவதில்லை. வில்லை, உணரி, வெளிச்சம், தரவைச் சுருக்கும் முறை ஆகியவையே தரத்தைத் தீர்மானிக்கின்றன. முதல் மூன்றும் சமமாக இருந்தால் வேறுபாடு சுருக்கத்தில்தான் எழுகிறது.

மினி டிவி நாடாவில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட் தரவு ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு படச்சட்டமும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். தொடக்ககால வன்தட்டுக் கருவிகள் எம்பெக் 2 முறையில், உயர்ந்த தர அமைப்பிலும் நொடிக்குச் சுமார் 9 மெகாபிட் அளவிலேயே பதிந்தன. 30 கிகாபைட் வன்தட்டில் ஏழு மணி நேரம் பதியலாம் என்ற விளம்பரத்தின் பின்னணி இதுதான். இம்முறையில் அடுத்தடுத்த சட்டங்களுக்கு இடையிலான மாற்றங்களே பெரும்பாலும் பதிவாகின்றன. அசையாத காட்சியில் குறை தெரியாது. ஓடும் குழந்தை, தண்ணீர், அசையும் இலைகள் போன்றவற்றில் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆகவே வழக்கமான தெளிவுப் படத்தில் நாடாவே மேலானது.

உயர் தெளிவின் வருகை

உயர் தெளிவுப் படத்தில் நிலைமை மாறியது. எச்டிவி கருவிகள் அதே நாடாவில் எம்பெக் 2 முறையில் நொடிக்கு 25 மெகாபிட் பதிந்தன. 2006 இல் அறிவிக்கப்பட்ட ஏவிசிஎச்டி, எச்.264 என்ற திறன்மிக்க சுருக்கத்தைப் பயன்படுத்தியது. இதனால் குறைந்த தரவிலும் ஒப்பிடத்தக்க படம் கிடைத்தது. ஆனால் அக்காலத்தின் சாதாரணக் கணினிகள் அதைத் தொகுக்கத் திணறின.

வசதியும் ஆபத்தும்

நாடாவில் இருப்பதைக் கணினிக்கு மாற்ற, ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் தேவை. வேண்டிய காட்சியைத் தேட நாடாவை ஓட்ட வேண்டும். ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும், தலைப்பகுதியில் அழுக்குச் சேரும். வன்தட்டில் கோப்புகளை விரைவாகப் படியெடுக்கலாம். ஆனால் கருவி கீழே விழுந்தால் வன்தட்டு பழுதாகலாம். காற்றழுத்தம் குறைந்த உயரமான மலைகளிலும் அது சரியாக இயங்காமல் போகலாம்.

முக்கியமான வேறுபாடு பழக்கத்தில் உள்ளது. நாடா நிறைந்தால் அதை எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். அதுவே மூலப்பதிவாக நிலைத்துவிடும். வன்தட்டு நிறைந்தால் அழித்துத்தான் மேலே பதிய முடியும். அதற்குமுன் படியெடுக்காவிட்டால், அல்லது எடுத்த ஒரே படியும் பழுதானால், மீட்பது அரிது. படியெடுக்கும் பழக்கம் இல்லாத குடும்பத்துக்கு நாடாவே பாதுகாப்பானதாக இருந்தது.

இன்றைய நிலை

பின்னர் நினைவக அட்டைகள் இரண்டையுமே வெளியேற்றின. இன்று நாடா நல்ல நிலையில் இருந்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பது அரிதாகி வருகிறது. எனவே வீட்டில் மினி டிவி நாடா வைத்திருப்போர் தாமதிக்காமல் கணினிக்கு மாற்றுவது நல்லது. மாற்றும்போது ஃபயர்வயர் இணைப்பைப் பயன்படுத்தினால் நாடாவில் உள்ள எண்ணிமத் தரவு அப்படியே கணினிக்கு வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட வடம் வழியாகக் குறுவட்டிலோ டிவிடியிலோ பதிந்தால் படம் ஒப்புமைக் குறிகையாக மாறி, மீண்டும் சுருக்கப்பட்டுத் தரம் குறையும். கடையில் கொடுத்து மாற்றுவோர் எந்த இணைப்பில் மாற்றுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படத்தரத்தில் தொடக்ககால வன்தட்டை நாடா வென்றது. வசதியில் வன்தட்டு வென்றது. ஆனால் இரண்டில் எதில் பதிந்திருந்தாலும், குறைந்தது இரண்டு இடங்களில் படி இருந்தால்தான் அப்பதிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.