தோட்டத்துச் சொற்களும் சிறுகதை ஆசிரியரும்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் பலவற்றில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. மங்கு, பெரட்டு, கித்தா முதலிய சொற்கள் வருமிடத்து ஆசிரியர் அவற்றை மேற்கோட்குறிக்குள் நிறுத்துகின்றார். அல்லது அருகிலேயே பொருள் எழுதுகின்றார். வேறு சிலர் அவற்றை நீக்கிவிட்டுத் தூய சொற்களைப் பெய்கின்றனர். இவை கொச்சை என்னும் கூச்சமே காரணம். அக்கூச்சம் தகுமா என்பது ஆராயத்தக்கது.

இரப்பர் பிரேசில் நாட்டு மரம். 1877இல் அதன் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர்த் தமிழகத்திலிருந்து வந்து அதனைச் சீவிய உழைப்பாளிக்கு எந்த அகராதியும் துணை நிற்கவில்லை. ஆயினும் கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் அவன் ஊரில் கண்டவை. எனவே புதிய மரம் பால்மரம் ஆயிற்று. தொழில் பால்வெட்டு ஆயிற்று. வெட்டுக்கோட்டில் ஒட்டி உலர்ந்தது ஒட்டுப்பால். மங்கிலேயே உறைந்து கிடந்தது கட்டிப்பால். அறிஞர் குழு ஒன்று கூடியிருந்தாலும் இதனினும் திருத்தமாகச் செய்திருக்குமா என்பது ஐயமே.

கடன் வாங்கிய சொற்களும் வெறுங்கடன் அல்ல. மலாய் மொழியின் கெத்தா கித்தாவாகவும், மங்கோக் மங்காகவும் தமிழ் ஓசைக்குள் அடங்கின. ஆங்கிலேயரின் பரேட் என்பதே பெரட்டு. படைவீரரின் அணிவகுப்புக்குரிய சொல், விடியுமுன் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடும் சடங்குக்கு வந்தது. தோட்டத்தை நடத்தியவர் தம் ஆள்களை எக்கண் கொண்டு நோக்கினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அவ்விடத்தில் 'வருகைப் பதிவு' என்று எழுதினால் மொழி தூய்மை பெறலாம். அந்த இருட்டும் அச்சமும் போய்விடுகின்றன. தண்டல் என்பதும் அத்தகையதே. வரி வாங்குதலைக் குறித்த பழந்தமிழ்ச் சொல், இங்கே வேலை வாங்குபவனுக்குப் பெயராயிற்று!

இச்சொற்களைத் தூவினால் தோட்டம் தானே வந்துவிடும் என்று கருதும் எழுத்தாளரும் உளர். அஃது வேறொரு குறை.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டையொட்டிப் பெருந்தோட்டங்கள் பல கூறுபோட்டு விற்கப்பட்டன. அதற்கும் தோட்டத் துண்டாடல் என்று இம்மண்ணிலேயே ஒரு பெயர் பிறந்தது. எஞ்சியவற்றுட் பல பின்னர்ச் செம்பனைக்கு மாறின. லயத்தைக் காணாது அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகளுக்குப் பொருள் விளக்கம் தேவைப்படலாம். அதனை நூலின் இறுதியில் தந்துவிடலாம். பால்வெட்டும் பெண்ணின் வாயில் வைக்க வேண்டுவதில்லை.