நள்ளிரவில் வரும் மணவாளன்: பாக்கின் 140ஆம் கான்டாட்டாவைக் கேட்பது எப்படி?

1597இல் ஜெர்மனியின் ஊனா நகரில் கொள்ளைநோய் புகுந்தது. அங்கே லுத்தரன் போதகராக இருந்த பிலிப் நிக்கோலாயின் வீட்டுச் சன்னலைத் திறந்தால் எதிரே கல்லறைத் தோட்டம். ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அந்த நாட்களில் அவர் எழுதிய நூலின் பெயர் 'நித்திய வாழ்வின் மகிழ்ச்சிக் கண்ணாடி'. 1599இல் அது அச்சேறியபோது உள்ளே ஒரு பாமாலையும் இருந்தது. மத்தேயு 25இல் வரும் பத்துக் கன்னிகைகளும், நள்ளிரவில் மணவாளன் வருவதை அறிவிக்கும் காவலர்களும்தான் அதன் பொருள்.

1731 நவம்பர் 25 ஞாயிறு ஆராதனைக்காக லைப்சிக்கில் இசையமைப்பாளர் பாக் அந்தப் பாமாலையைக் கொண்டு ஏழு பகுதிகளில் ஒரு கான்டாட்டா, அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் படைப்பு, அமைத்தார். கேட்க அரை மணி நேரம் போதும்.

முதல் பகுதியில் சோப்ரானோ எனப்படும் உச்சக் குரல்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். வயலின்களும் ஓபோக்களும் பரபரக்க, பாமாலையின் மெட்டு மட்டும் நீண்ட சுரங்களில், அவசரமில்லாமல் மேலே நகர்கிறது. வருகிறவர் வந்தே தீருவார் என்ற நிச்சயம் அந்த நிதானத்தில் இருக்கிறது.

எனக்கு உயிரானது மூன்றாம் பகுதி. ஆத்துமா சோப்ரானோவில் எப்போது வருவீர் என்று ஏங்குகிறது. இயேசு பாஸ் எனப்படும் தாழ்ந்த குரலில் வருகிறேன் என்கிறார். வழக்கமான வயலினைவிடச் சிறிய ஒரு வயலின், எண்ணெய் வற்றாத தீவட்டிச் சுடர்போல இருவரையும் சுற்றித் துடிக்கிறது. பதில் காதில் விழுந்த பிறகும் ஏக்கம் தீரவில்லை, கவனியுங்கள். விசுவாசிகள் காத்திருப்பதும் இப்படித்தான்: வாக்கு கையில் இருக்கிறது, முகம் இன்னும் காணவில்லை. இதைக் கேட்ட சூட்டிலேயே ஒருமுறை ஆறாம் பகுதிக்குத் தாவுங்கள். அதே இரு குரல்கள், இப்போது ஓபோவின் துணையோடு ஒன்றையொன்று துரத்தி, பின்னிப் பிணைந்து குதூகலிக்கின்றன. கேள்வி காணாமல் போய்விட்டது. பிறகு முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். வரப்போகும் மகிழ்ச்சி தெரிந்துவிட்டதால், மூன்றாம் பகுதியின் ஏக்கம் இம்முறை வேறு விதமாக ஒலிக்கும்.

நடுவே வரும் நான்காம் பகுதி உலகப் புகழ் பெற்றது. வயலின் மெட்டுக்குக் காலே தாளம் போடும்.

ஏழாவதில் அலங்காரம் எதுவும் இல்லை. முத்து வாசல்களுள்ள பரம நகரத்தைப் பற்றி நான்கு குரல்களும் ஒன்றாய்ப் பாட, வாத்தியங்கள் கூடவே வருகின்றன. மெட்டு முதல் பகுதியிலேயே பழகியிருக்கும். வெட்கப்படாமல் வாய்விட்டுச் சேர்ந்து பாடுங்கள்.