ஒன்பது வெற்றி போதாத ஊர்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் ரசிகர்களைப் போல விசுவாசிகள் அரிது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் லிங்கன் நகரின் மெமோரியல் ஸ்டேடியமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பார்கள். மிகையில்லை. அங்கே கூடும் 85,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள் ஒமாஹாவும் லிங்கனும்தான். தொழில்முறை ஃபுட்பால் அணி இல்லாத மாநிலத்தில் எல்லார் கண்ணும் இந்த மாணவர்கள் மீதுதான். 1962 முதல் உள்ளூர் ஆட்டங்களுக்கு டிக்கெட் விற்றுத் தீராத நாளே இல்லை என்பது அவர்கள் கணக்கு. (மிஞ்சிய டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கிக் கணக்கைக் காப்பாற்றியதும் உண்டு.)

இந்த வெற்றிப் பசியை வளர்த்தவர் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன். 25 சீசன்களில் 255 வெற்றி. 1994, 1995, 1997 என மூன்று தேசியப் பட்டங்கள். அடுத்து வந்த ஃபிராங்க் சோலிச் 2003இல் 9-3 (ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி) என்றிருந்தபோதே நீக்கப்பட்டார். பின்னாளில் வந்த போ பெலினி ஏழு சீசனிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை, ஆனால் கோபக்காரர். ரசிகர்களைத் திட்டிய ஒலிப்பதிவு 2013இல் கசிந்தது. மறு ஆண்டு, மறுபடி 9-3 என்ற நிலையில், அவருக்கும் கதவு காட்டப்பட்டது.

பிறகு மைக் ரைலி மூன்று சீசனில் 19-19. அடுத்து 1997 பட்ட அணியின் குவாட்டர்பேக் ஸ்காட் ஃபிராஸ்ட், ஊர்ப் பிள்ளையாக வரவேற்கப்பட்டவர், 16-31. அவரது அணி 2021இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில்! 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் தோற்ற மறுநாளே நீக்கினார்கள். சில வாரம் பொறுத்திருந்தால் இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை.

இந்தப் பயிற்சியாளர் மாற்றங்களுக்கு ரசிகர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் 3-9 என்று தோற்ற ஆண்டிலும் வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். பதறியது நிர்வாகம். 2011இல் பிக் டென் என்ற லீகுக்கு மாறியபோதே டெக்சாஸில் ஆடும் வழக்கம் அற்று, அங்கிருந்து வீரர்களை இழுப்பது கடினமாகிவிட்டது. சொந்த மாநிலத்திலோ ஆள் குறைவு. இந்த நிலவரத்தில் ஒன்பது வெற்றி என்பது சாதனை. அதைத் தோல்வியாக எண்ணி ஆளை மாற்றினார்கள். 2015 முதல் 2024 வரை அந்த ஒன்பதை அணி எட்டியது ஒரே ஒரு முறை, 2016இல்.