எஞ்சின் யாருடையது?

சேத்தியாத்தோப்பு வட்டாரத்துக்காரர்களுக்குத் தற்சார்பு என்பது மேடைச் சொல் அல்ல. பக்கத்து நெய்வேலியில் கண்ணெதிரே நிற்கும் சங்கதி. பழுப்பு நிலக்கரி நம் மண்ணில் கிடந்தது. ஆனால் மேல்மண்ணை வாளி வாளியாக வாரிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்நிலையத்துக்கு உதிரிபாகம் வரத் தாமதமானால் மின்வெட்டோடு சமாளித்துவிடலாம். போர்முனையில் நிற்கும் டாங்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. 1965 போரின்போது அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்குமே ஆயுதம் தருவதை நிறுத்தியது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வந்த தடைகள் தேஜஸ் போர்விமானத் திட்டத்தைப் பின்னுக்கு இழுத்தன. ஆகவே பாதுகாப்பில் தற்சார்பை அளக்கும்போது, ஆயுதத்தை எந்த ஊரில் பூட்டினார்கள் என்று பார்த்தால் போதாது. நெருக்கடி நேரத்தில் யார் தயவும் இல்லாமல் அதை ஓட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க ஆவடியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் விஜயந்தா டாங்கியை வெளியே கொண்டுவந்தது. வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. உரிமம் வாங்கிச் செய்வது கைக்குப் பழக்கம் தரும். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற அறிவைத் தராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1974இல் அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. முதல் 16 டாங்கிகள் ராணுவத்தின் கைக்கு வந்தது 2004இல். முப்பது ஆண்டுகள் என்பது பெரிய தாமதம்தான். ஆனால் அதன் பலன் வெறும் டாங்கி மட்டுமல்ல. ஹைதராபாத் ஆய்வகத்தின் காஞ்சன் கவசம், மேடுபள்ளத்திலும் குலுங்காமல் ஓடவைக்கும் சஸ்பென்ஷன் ஆகியவற்றின் நுட்பம் இன்று நம்முடையது. 2010இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் ரஷ்ய டி-90உடன் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் அர்ஜுன் சளைக்கவில்லை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அர்ஜுனின் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியின் எம்டியு தயாரிப்பு. 2021இல் மேம்பட்ட அர்ஜுன் டாங்கிகள் 118க்கு 7,523 கோடி ரூபாயில் ஆர்டர் தந்தபோது, உள்நாட்டுப் பங்கு 54.3 சதவீதம் என்றது அரசு. தேர்ச்சி மதிப்பெண்தான், ஆனால் விடைத்தாளில் கட்டாய வினாவான எஞ்சினுக்கு விடை எழுதப்படவில்லை. அந்த எஞ்சினின் உற்பத்தி ஜெர்மனியில் நின்றுபோனதால் ஆர்டரே இழுபறியில் விழுந்தது. நம்முடைய 1,500 குதிரைத்திறன் எஞ்சின் மைசூரில் முதன்முதலாகச் சோதித்து ஓட்டப்பட்டது 2024 மார்ச்சில், அர்ஜுன் திட்டம் பிறந்து ஐம்பதாவது ஆண்டில். இதற்கு டாங்கியை வடிவமைத்த ஆவடி ஆய்வகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நூற்றுச் சொச்சம் டாங்கிகளுக்காக எந்த ஆலையும் எஞ்சின் பட்டறை போடாது. ஆர்டர் சிறுத்தால் விலை ஏறும். விலை ஏறினால் ஆர்டர் மேலும் சிறுக்கும்.

ராணுவத்தின் பக்கமும் நியாயம் உண்டு. மேம்பட்ட அர்ஜுனின் எடை 68 டன். எல்லையோரக் கால்வாய்ப் பாலங்கள் அதைத் தாங்குமா என்ற கேள்வி வீண் பிடிவாதம் அல்ல; சுதேசிப் பெருமைக்காகச் சிப்பாயின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. ஆனால் இறக்குமதி செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் சரியல்ல. டி-90இன் வெப்பக் காட்சிக் கருவிகள் நம் பாலைவன வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காமல் தொல்லை கொடுத்தன. எந்த நாடும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், இஸ்ரேலின் மெர்காவா டாங்கியிலும் ஜெர்மன் வழிவந்த எஞ்சின்தான் ஓடுகிறது. ஆனால் எதை வெளியே வாங்குவது, ஒரு கதவு அடைத்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வாங்குவது வேறு. வேறு வழியில்லாமல் வாங்குவது வேறு. 2020 லடாக் மோதலுக்குப் பின், ஆவடி ஆய்வகமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து 25 டன் எடையுள்ள சொராவர் டாங்கியைச் சில ஆண்டுகளிலேயே உருவாக்கிக் காட்டின. வேகம் நமக்கும் கைவரும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதிலும் ஜெர்மன் எஞ்சினுக்கு அனுமதி தாமதமானது. அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சினைப் பொருத்த வேண்டியதாயிற்று.

2023-24இல் நாட்டின் பாதுகாப்பு உற்பத்தி 1.27 லட்சம் கோடி ரூபாய். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து முனைகளுடன் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் இருக்கிறது. அதே சமயம், 2020–24 காலத்தில் உலகிலேயே அதிக ஆயுதம் இறக்குமதி செய்த நாடுகளில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம் என்கிறது ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடிவதற்குக் காரணம், சதவீதக் கணக்கு டாங்கிக் கூட்டிலிருக்கும் ஆணியையும் எஞ்சினையும் ஒரே தராசில் போடுவதுதான். வழித்தடத்தின் பட்டறைகள் போல்ட், உறை, வயரிங் என்று நின்றுவிட்டால் சதவீதம் ஏறும். பிடி வெளியாள் கையிலேயே இருக்கும். எஞ்சின், கியர்பெட்டி, காட்சிக் கருவி ஆகிய மூன்றுக்கும் பத்து ஆண்டுக்கான உறுதியான ஆர்டரை முன்கூட்டியே தருவதும், முதல் பதிப்பைக் குறைகளோடு ஏற்று ராணுவமே கூட நின்று திருத்துவதும்தான் வழி. செலவு கூடும், சில ஆண்டுகள் மட்டமான சரக்கு என்ற ஏச்சும் கிடைக்கும். மைசூரில் ஓடிய அந்த எஞ்சினை ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்கிறார்களா, கண்காட்சியில் நிறுத்துகிறார்களா என்பதில் தெரிந்துவிடும், கட்டாய வினாவுக்கு நாம் விடை எழுதத் தொடங்கிவிட்டோமா இல்லையா என்பது.