மிதித்ததும் வரும் காற்று

ஒரே கார், ஒரே 1.6 லிட்டர் கொள்ளளவு, இரண்டு விதமான மூச்சு. டர்போவையும் சூப்பர்சார்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசிக்க மினி கூப்பர் எஸ்ஸைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. 2002-ல் விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்தது சூப்பர்சார்ஜர். 2006 இறுதியில் வந்த அடுத்த தலைமுறை டர்போவுக்கு மாறிவிட்டது.

பழைய வண்டியின் சூப்பர்சார்ஜர், கிராங்க் சுழற்சியிலிருந்து பெல்ட் வழியாக இயங்கும் ஈட்டன் நிறுவனத்தின் புளோயர். அதற்குள்ளே இரண்டு ரோட்டர்கள், ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் தள்ளும். இந்த அமைப்பின் பூர்வீகம் காருக்கும் முந்தியது. அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்ற புளோயர் உலைகளுக்குக் காற்று ஊத உதவியது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் ரோட்டரும் சேர்ந்தே சுற்றுவதால், ஆக்சிலேட்டரை அழுத்திய கணமே வண்டி பதில் சொல்லிவிடும். கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இழுவை. கூடவே சுருதி ஏறிக்கொண்டே போகும் அந்தக் கூவல். அதற்காகவே பழைய மினியைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு; அவர்கள் காது பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த பெல்ட் சும்மா சுற்றுவதில்லை. சக்கரத்துக்குப் போகவேண்டிய சக்தியில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது.

டர்போவின் வழி வேறு. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-ல் காப்புரிமை பெற்ற அந்த யோசனை, குப்பையில் போவதை எடுத்துப் பயன்படுத்துவது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே சூடாக வெளியே போகிறது. அந்தப் புகை ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் புதுக்காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும். சின்ன கார்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகும். ஒரு பக்கம் பழுக்கக் காய்ந்த இரும்பு, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவே தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். கையளவு பொருளுக்குள் இத்தனை நுட்பம் அடங்கியிருப்பது வியப்பூட்டும்.

டர்போவின் குறையும் ஊரறிந்தது. புகை பெருகினால்தான் டர்பைன் வேகமெடுக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1978-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 99 டர்போ இங்கேதான் மதிப்பு பெறுகிறது. உச்சவேகத்தைத் துரத்தாமல், சிறிய டர்போவைப் பொருத்தி, மிஞ்சிய அழுத்தத்தை வேஸ்ட்கேட் வால்வால் வெளியேற்றி, அன்றாடம் ஓட்டும் வேகத்திலேயே இழுவை கிடைக்கச் செய்தார்கள். ரேஸ் சரக்கை வீட்டுக் காருக்குப் பழக்கியது அதுதான்.

மினியின் கணக்கும் அதையே சொல்கிறது. சூப்பர்சார்ஜர் வண்டிக்கு 163 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த இழுவையின் உச்சம் நிமிடத்துக்கு 4000 சுற்றில். டர்போ வண்டிக்கு 175 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர். அது 1600 சுற்றிலேயே கிடைத்துவிடும். பெட்ரோலும் குறைவாகவே குடிக்கும்.

இரண்டையும் ஒன்றாகப் பூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2005-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடி-யின் 1.4 லிட்டர் எஞ்சினில் தொடக்கத்தில் சூப்பர்சார்ஜர் தள்ளும். 3500 சுற்றைத் தாண்டினால் காந்த கிளட்ச் அதைக் கழற்றிவிட, டர்போ தனியாக ஓட்டும். 170 குதிரைத்திறன். அழகான தீர்வு, ஆனால் செலவும் சிக்கலும் மிகுந்தது. டர்போ தானே சுறுசுறுப்பானதும் அந்த ஜோடியின் தேவை போய்விட்டது.

அன்றாடத்துக்கு டர்போதான் என்பதை இங்கேயே பார்க்கலாம். 2019-ல் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி வந்த ஹூண்டாய் வென்யூவின் 1 லிட்டர் டர்போ, 172 நியூட்டன் மீட்டரை 1500 சுற்றிலிருந்தே தருகிறது. அதே காரின் டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் தருவது சுமார் 114, அதுவும் 4000 சுற்றில். டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர் உச்சவேகம் பார்க்கவே வேண்டாம். ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டியதும், இரண்டாவது கியருக்கு இறக்காமல், மூன்றாவதிலேயே மெல்ல மிதித்துப் பார்க்கட்டும். வண்டி திணறாமல் கிளம்பினால் டர்போவின் அளவைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள்.