சீட்டெண்ணும் செயலியும் சிறுமுதல்காரனும்

ஒரு காசும் கேட்காத, இறக்கிக்கொண்ட பின் இணையத் தொடர்பும் வேண்டாத, பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் தங்குதடையின்றி ஓடக்கூடிய சீட்டெண்ணும் பயிற்சிச் செயலி ஒன்றை, திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் அம்மையார்குப்பத்தில், விசைத்தறியின் ஓசை விடிந்தது முதல் தெருவை நிறைத்திருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சில வாரங்களாகப் பழகிப் பார்த்தேன். பிளாக்ஜாக் என்னும் இருபத்தொன்று ஆட்டத்தில் கழிந்த சீட்டுகளைக் கணக்கிட்டு, மீந்த கட்டின் நிலையை ஊகிக்கும் வித்தையை, கையில் பணமில்லாதவனும் கற்க இயலுமா, கற்றால் அதனால் விளையும் பிரயோஜனம் யாது என்பவையே என் விசாரணை. செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போல் இத்தகையவை பல உலவுகின்றன. அடுத்துச் சொல்லும் குணதோஷங்கள் அநேகமாக அந்த இனம் முழுமைக்கும் பொருந்தும்.

வித்தையின் ஆதாரம் எளியது. ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டுகளும் கட்டில் மிகுந்து நின்றால் ஆடுபவனுக்கு அனுகூலம். சிறு சீட்டுகள் மிகுந்து நின்றால் சூதாட்ட விடுதிக்கு அனுகூலம். ஆகவே 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வெளியே வந்தாலும் ஒன்று கூட்டுவது, 7, 8, 9 வந்தால் வாளாவிருப்பது, 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழிப்பது என்பதே ஹை-லோ முறை. ஐம்பத்திரண்டு சீட்டில் கூட்டுவன இருபது, கழிப்பன இருபது, இரண்டிலும் சேராதன பன்னிரண்டு. எனவே கட்டு முழுதும் தீர்ந்தபோது கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். இம்முறையை ஹார்வி டப்னர் என்பவர் 1963இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே எட்வர்ட் தார்ப் என்னும் கணிதப் பேராசிரியர், ஐபிஎம் 704 என்ற பெருங்கணிப்பொறியைக் கொண்டு தாம் கண்ட முடிவுகளை நூலாக்கி, விடுதியை வெல்லக்கூடிய வழி ஒன்று உண்டு என்பதை உலகுக்கு நிரூபித்திருந்தார். அவருக்கு ஓர் அறையை அடைத்து நின்ற இயந்திரம் வேண்டியிருந்தது. இன்று அந்த அப்பியாசம் சட்டைப்பைக்குள் அடங்கும் கருவியில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு உண்மையான வியப்பு உண்டாகிறது.

செயலியைத் திறந்தால் பச்சை விரிப்பின்மேல் சீட்டு ஒவ்வொன்றாக விழுகிறது. எத்தனை கட்டு, எவ்வளவு வேகம், ஒரு தடவைக்கு ஒரு சீட்டா இரண்டா என்பவற்றை நாமே நிர்ணயித்துக்கொள்ளலாம். இடையிடையே ஓட்டம் நின்று, இப்போது கணக்கு என்ன என்று கேட்கிறது. பிழை நேர்ந்தால் எந்தச் சீட்டில் தடம் தவறினோம் என்று பின்னோக்கிக் காட்டுகிறது. இந்தப் பின்னோட்டமே இதன் தலையாய குணம். முதலில் ஒவ்வொரு சீட்டையும் மனத்துக்குள் உச்சரித்துக் கூட்டுகிற ஒருவன், நாளடைவில் ராஜாவும் ஐந்தும் சேர்ந்து விழுந்தால் அவை ஒன்றையொன்று அழித்துவிட்டன என்பதை எண்ணாமலே கண்டுகொள்கிறான். ஆறும் நான்கும் ஜோடியாக வந்தால் ‘இரண்டு’ என்பது கண்ணிலேயே பதிகிறது. எண்கள் சொற்களாக இருப்பது நின்று வடிவங்களாக மாறும் அந்தப் பருவத்தை இச்செயலி பொறுமையோடு உண்டாக்கிக் கொடுக்கிறது. சூதாட்ட விடுதியின் ஆரவாரத்தை ஒலிப்பதிவாகச் சேர்த்து, அதன் நடுவில் எண்ணப் பழக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் எதிர்வீட்டுத் தறி ஓடுகிற தெருவில் அமர்ந்தவனுக்கு அது தேவைப்படவில்லை. தறியின் தாளம் மாறாதது. நாடா ஓடும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சீட்டு என்று மனம் தானாகவே இசைந்துவிடுகிறது. தறி திடீரென்று நின்றால்தான் கணக்கு குலைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திரையில் விழும் சீட்டு எப்போதும் நேராக, பெரிதாக, ஒரே இடத்தில் விழுகிறது. மெய்யான சீட்டோ சாய்ந்தும் ஒன்றின்மேல் ஒன்று மறைந்தும் விழும். ஆதலால் பெட்டிக்கடையில் கிடைக்கும் ஒரு சீட்டுக்கட்டையும் வாங்கி, ஒரு சீட்டைப் பாராமல் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்ற ஐம்பத்தொன்றையும் புரட்டி எண்ணி, கவிழ்த்த சீட்டு பெரியதா, சிறியதா, நடுத்தரமா என்று சொல்லிப் பார்ப்பது அவசியம். முப்பது விநாடிக்குள் பிழையின்றிச் சொல்லிவிட்டால் கை தேறிற்று என்பது இத்துறையினர் வைத்திருக்கும் அளவுகோல். செயலியில் வேகம் பெற்ற கண், கட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தடுமாறுவதை எவரும் அநுபவத்தில் காண்பர்.

ஆட்ட முறையைக் கற்பிக்கும் பகுதியும் நன்று. நம் கையில் 11 இருக்க, பகிர்பவரின் திறந்த சீட்டு 6 என்றால் பணயத்தை இரட்டிப்பது, இரண்டு எட்டு வந்தால் பிரிப்பது, 16 வைத்துக்கொண்டு பத்தை எதிர்கொள்ளும்போது மனம் அஞ்சினாலும் இன்னொரு சீட்டு கேட்பது ஆகியவற்றைத் தவறும்போதெல்லாம் தடுத்துத் திருத்துகிறது. இந்த அடிப்படை ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே, நல்ல விதிகள் உள்ள மேசையில் விடுதியின் அனுகூலம் நூற்றுக்கு அரை அளவுக்குக் குறைந்துவிடும்; எண்ணிக்கை அதன்மேல் கட்டும் மேல்மாடம். மீந்த கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து உண்மைக் கணக்கைக் காணும் பயிற்சி மாத்திரம் அரைகுறையாக இருக்கிறது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதும், அடிக்கடி குறுக்கிடும் விளம்பரங்களிற் சில பணம் கட்டி ஆடும் தளங்களுக்கே வழிகாட்டுகின்றன என்பதும் பெரிய குறைகள். பின்னதைக் குற்றம் என்றே சொல்வேன்.

ஆயினும் இவற்றினும் பெரிய குறை, செயலி சொல்லாமல் விடும் ஒன்று. நான் பழகுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் சகோதரியின் மகன், தறிக்கூலியில் மிச்சம்பிடித்துப் பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருப்பவன், “மாமா, இத நல்லா கத்துக்கிட்டு கோவாவுக்குப் போனா ஜெயிச்சிடலாம் இல்ல?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன கணக்கையே இங்கும் எழுதுகிறேன்.

எண்ணத் தெரிந்தவனுக்குக் கிட்டும் அனுகூலத்தைத் தாராளமாக நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். நூறு கை ஆடினால் சராசரி லாபம் ஒரே ஒரு பணயம். ஆனால் அந்த நூறு கைக்குள் அதிர்ஷ்டம் மேலும் கீழுமாக அசையும் இயல்பான அளவு, பதினொன்று, பன்னிரண்டு பணயம். ஒரு கைக்கு 500 ரூபாய் என்றால் அவனுடைய பத்தாயிரம் இருபது பணயம்தான். இருபது பணயத்தோடு அமர்ந்து, பிழையே இன்றி எண்ணி, நிறுத்தாமல் ஆடிக்கொண்டே போகும் நூறு பேரில் ஏறக்குறைய எழுபத்துநாலு பேர் முதலை அடியோடு இழப்பார்கள் என்று கணிதம் சொல்கிறது. நூறு பணயம், அதாவது ஐம்பதாயிரம் ரூபாய், கொண்டுசெல்பவர்களில் இருபத்திரண்டு பேர் இழப்பார்கள். எண்ணும் திறமை இருவருக்கும் ஒன்றே. பேதம் முதலில் மாத்திரமே. ஏழையின் முதல், வித்தை பலிக்கும்வரை உயிரோடிருப்பதில்லை. இந்த ஒரு பாடத்தைச் செயலியின் எந்தப் பக்கத்திலும் காணவில்லை.

நம் நாட்டில் நிலைமை இன்னும் கடினம். சீட்டாட்டத்தில் வென்ற தொகைக்கு வருமானவரி 30 சதவீதம். தோற்றதை அதிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதி இல்லை. சூதாட்ட விடுதிகளுக்குச் சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். நூற்றுக்கு ஒன்று என்ற அனுகூலம் இவற்றின் முன் எம்மாத்திரம்! இணையத்தில் ஆடலாமே என்பாருக்கு ஒரு வார்த்தை: கணிப்பொறியே சீட்டுப் போடும் ஆட்டங்களில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது, எண்ணுவதற்கு அங்கே எதுவும் மீந்திருப்பதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதம் பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்திருக்கிறது. விடுதிக்குள் இச்செயலியைத் திறப்பதும் ஆபத்து: அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1985 முதலே இத்தகைய கருவிகளைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது, 2009இல் ஐபோன் செயலி ஒன்று குறித்து அங்குள்ள கட்டுப்பாட்டு வாரியம் விடுதிகளை எச்சரிக்கவும் செய்தது.

அப்படியானால் இதைக் கற்பது வீணா என்றால், இல்லை என்றே சொல்வேன். ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையே நடந்த வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமையாட்டம் என்று கொண்டதற்கு ஒரு காரணம், விழுந்த சீட்டுகளை நினைவில் இருத்த வேண்டியிருக்கிறது என்பது. அந்த நினைவாற்றலை, ஒரு பைசா பணயமின்றி, இத்தனை ஒழுங்காகப் பழக்கும் ஆசான் வேறு எளிதில் கிட்டமாட்டான். நிகழ்தகவு என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்துப் புரியாத பள்ளி மாணவனும், சூத்திரம் எதுவுமின்றி, கணக்கு ஏறும்போது கட்டின் இயல்பு மாறுவதைக் கண்ணால் காண்கிறான். பயிற்சிக் கருவி என்ற வகையில் இது உயர்ந்தது. சம்பாத்திய மார்க்கம் என்ற வகையில் சிறுமுதல்காரன் இதைத் தீண்டவே கூடாது என்பது என் தீர்ப்பு.

இறக்கிக்கொள்ள விரும்புவோர் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பழகுங்கள். விளம்பரங்களின் தொல்லையும் அதனால் நீங்கும். வங்கிக் கணக்கையோ யுபிஐயையோ கேட்கும் எந்தச் செயலியையும் அக்கணமே நீக்கிவிடுங்கள். அப்படி ஒன்றில் ஏமாற்றப்பட்டுப் பணம் போயிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதிக்காமல், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.